மூன்று கிராம் ஈரம்

பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். தச்சு மேசைகளுக்கும் பெயின்ட் அறைக்கும் நடுவில், எல்லோரும் போய்வரும் வழியில், ஒரு தராசை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்பீர்கள். ஓரமாக வைத்தால் என்ன என்பீர்கள். அதை அங்கே வைத்தவள் நான்தான். இடுப்பில் இடித்துக்கொண்டு என்னைத் திட்டியவர்கள் நிறையப் பேர். இன்னும் திட்டுங்கள், பரவாயில்லை. ஆனால் நகர்த்திவிடாதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலைநாட்டில், கொட்டகலையில் ரயில் பாதைக்குக் கீழே இருக்கும் இந்தப் பட்டறையில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தேன். கடைசிப் பத்து வருஷம் பரிசோதனை மேசை. மரத்தில் செய்த மாதிரிக் கப்பலோ விமானமோ நீர்மூழ்கியோ, எதுவானாலும் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக என் கைக்கு வரும். நான் சீட்டில் கையெழுத்து வைத்தால் போகும், இல்லையென்றால் திரும்பும். போன மாதம் நீங்கள் எல்லோரும் கேக் வெட்டி என்னை அனுப்பி வைத்தீர்கள். அலுவலக வேலை பார்க்கும் நிரோஷா, "நாலு வார்த்த பேசுங்கக்கா" என்றபோது நாலு வார்த்தைதான் வந்தது. எனக்கு மேடை ஆகாது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பட்டறையில் 'முங்கி' என்று பெயர். முதலாளி மட்டும் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது பெரிய பெயராகச் சொல்வார். புதியவர்கள் எல்லோரும் முங்கிதான் லேசான வேலை என்று நினைப்பீர்கள். போர்க்கப்பல் என்றால் பீரங்கி, கம்பி, ஏணி, படகு என்று கண் போக நூறு இடம் உண்டு. ஒரு பிழை இன்னொன்றுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முங்கியில் ஒளிய இடமில்லை. மூன்றடி நீளத்துக்கு மொழுமொழுவென்று ஒரே உடம்பு, நடுவில் ஒரு கோபுரம், பின்னால் விசிறி. அந்த உடம்பில் ஒரு தப்பு இருந்தால் அது தப்பாகவே தெரியும். அதனால்தான் உங்களுக்கு முங்கியைப் பற்றிச் சொல்கிறேன்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள், கடல் பார்க்காத ஊரில் உட்கார்ந்துகொண்டு எப்படி இதைச் செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். எங்கள் தச்சுப் பாஸ், அதாவது தச்சு மேஸ்திரி, ஒருமுறை பதில் சொன்னார். "கடல்ல போய்ப் பாத்தாலும் தெரியாதுங்க. அது தண்ணிக்குள்ள இருக்கும்." வந்தவர் சிரித்துவிட்டு இரண்டு முங்கிக்கு ஆர்டர் கொடுத்துப் போனார்.

பாஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்குக் கடற்கரையில் வள்ளம் கட்டிக்கொண்டிருந்த சிங்களவர். நம் பக்கத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தார். என்னைவிட ஒரு வயது இளையவர், ஆனாலும் 'நங்கி', அதாவது தங்கச்சி, என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அது மரியாதையா நக்கலா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. மேலே ரயில் போகும்போது பட்டறையில் மேசையெல்லாம் நடுங்கும் இல்லையா, அப்போது "கை மேல" என்று சத்தம் போட்டு எல்லோரையும் வேலையிலிருந்து கையை எடுக்க வைத்தவர் அவர்தான். சேர்ந்த மாதம் நான் ஒரு முங்கியின் கோபுரத்தில் பெரிஸ்கோப் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தேன். ரயில் வந்தது. ஒரு நொடிதானே என்று கையை எடுக்கவில்லை. குழாய் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. அதை நிமிர்த்தப் போய் கோபுரத்தையே பிளந்துவிட்டேன். பாஸ் பிளந்த துண்டை எடுத்துப் பார்த்தார். "நங்கி, கை வைக்க எல்லாருக்கும் தெரியும். எடுக்கத்தான் படிக்கணும்" என்றார். அவ்வளவுதான் திட்டு. இப்போது வீட்டில் தாளிக்கும்போது ரயில் சத்தம் கேட்டால்கூடக் கரண்டியை எடுத்துவிடுகிறேன், கடுகு கருகிப்போகிறது.

இனித் தராசுக்கு வருகிறேன்.

தராசு என்றாலே எனக்கு ஆகாது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டறைக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் கொழுந்து எடுத்தேன். காலையிலிருந்து நனைந்து எடுத்த கொழுந்தை மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகையில் நிறுக்கப் போட்டால், முள் ஒன்று காட்டும், கணக்கப்பிள்ளையின் வாய் வேறொன்று சொல்லும். "தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்னு" என்று மூன்று கிலோவை வெட்டிவிடுவார். வெயில் நாளிலும் தண்ணீருக்கு வெட்டுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னைக்கு மழையே பெய்யலீங்களே" என்றேன். "பனி பேஞ்சிருக்கும்ல" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வேர்வையைக் குறைத்துக் காட்டுகிற ஒரு சாமான் தராசு என்று அன்றைக்கு மனதில் பதிந்தது பதிந்ததுதான்.

பிறகு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் வேலை கிடைத்தது. அங்கேதான் என் கைக்குப் பேர் வந்தது. வறுத்து வரும் தூளை ஒரு பிடி அள்ளி நசுக்கினாலே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். தொழிற்சாலைப் பொறுப்பில் இருந்த டீ மேக்கரே என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். அந்தத் தொழிற்சாலை மூடி, அதன் பாதியை முதலாளியின் அப்பா வாங்கிப் பட்டறை ஆக்கியபோது, அந்தக் கையோடும் அந்தத் திமிரோடும் இங்கே வந்தேன்.

பாஸுக்கு வேறு வழக்கம். அறுத்த மரத்தை மூன்று நாளைக்கு ஒருமுறை தராசில் வைத்து, எடையைப் பென்சிலால் மரத்திலேயே எழுதுவார். எடை குறைந்துகொண்டே வந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மூன்று தடவை ஒரே எண் வந்தால்தான் அவருக்கு அது காய்ந்த மரம். நானோ மரத்தை எடுத்துக் கன்னத்தில் வைப்பேன். சில்லென்று இருந்தால் ஈரம், இல்லையென்றால் காய்ந்தது. பெரும்பாலும் நான் சொன்னதும் தராசு சொன்னதும் ஒன்றாகவே இருக்கும். "கன்னம் சரிதான் நங்கி. ஆனா தராசுக்குக் குளிராது" என்பார் பாஸ். எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள ஆசையும் இல்லை.

ஒரு புரட்டாசியில் குளிர்நாடு ஒன்றிலிருந்து ஒரு முங்கிக்கு ஆர்டர் வந்தது. கேட்டவர் ஒரு பெண். அவருடைய அப்பா முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு டீசல் முங்கியில் சமையல்காரராக இருந்தவர். இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. வேலை செய்த கப்பலை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். மகள் அனுப்பிய குறிப்பை நிரோஷா எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். நிறம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, அப்பா கையால்தான் பார்ப்பார், கைக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

கைக்குச் சரியாக என்றால் அது என் வேலை. நான் கண்ணை மூடிக்கொண்டு பரிசோதித்தேன். மேல்தளத்தில் தண்ணீர் இறங்கும் துவாரங்களில் வார்னிஷ் அடைத்திருந்ததை விரலால் கண்டுபிடித்து ஊசியால் எடுக்க வைத்தேன். சமையலறைக்குச் சாமான் இறக்கும் மூடியைப் பெயின்டில் வரைந்திருந்தார்கள். அது விரலுக்குத் தெரியாது என்று சொல்லி, மெல்லிய தகடு வெட்டி ஒட்ட வைத்தேன். இவ்வளவும் செய்தேன். செய்யாத ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முங்கியின் உடம்பு மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு மரமாகச் செதுக்கி ஒட்டுவது உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு பாதிகளையும் ஒட்டும் நேரத்தில் பாஸ் ஊரில் இல்லை. அவருடைய அம்மா இறந்து, பிக்குகளுக்குக் கொடுக்கும் மூன்று மாதத் தானத்துக்குப் போயிருந்தார். மரத்தில் அவர் எழுதி வைத்த எண்கள் இருந்தன. கடைசி இரண்டுக்கும் நடுவில் பதினொரு கிராம் குறைந்திருந்தது. இன்னும் காயவில்லை என்று அது சொன்னது. நான் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இல்லை.

முதலாளி வந்தார். நல்ல மனிதர், என்னைவிட இருபது வயது இளையவர், ஆனால் டிசம்பர் நத்தாருக்கான ஆர்டர்கள் தலைக்கு மேல் நின்றன.

"அக்கா, இது காஞ்சிருச்சா? பாஸ் வர்ற வரைக்கும் வச்சிருக்கணுமா?"

"காஞ்சிருச்சுங்க. ஈரம் இல்ல."

"தராசுல போட்டுப் பாக்க வேணாமா?"

"என் கை பாத்த தூள் எத்தன கப்பல்ல போயிருக்கு தெரியுமாங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பாதிகளை ஒட்டி, இழைத்து, பெயின்ட் அடித்து, தீபாவளி முடிந்த வாரம் முங்கி போய்விட்டது. கையெழுத்து என்னுடையது. தராசு பத்தடி தூரத்தில் மூலையில் இருந்தது. பத்தடி நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மார்கழியில் மகளிடமிருந்து செய்தி வந்தது. நிரோஷா என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். முதலாளி முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார். பாஸும் நின்றுகொண்டிருந்தார். திரையில் ஒரு படம். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில், சமையலறை மூடிக்குச் சற்றுக் கீழே, ஒரு தலைமயிர் போகும் அளவுக்கு வெடிப்பு. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. விரலுக்குத் தெரியும்.

"வாசி" என்றேன்.

நிரோஷா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். "ரெண்டு வாரம் அப்பா அத மடியிலயே வச்சிருந்தாராம். தடவித் தடவிக் கத சொல்லிக்கிட்டே இருந்தாராம். போன கிழம வெரல் ஒரு எடத்துல நின்னுச்சாம். கீழ வச்சிட்டாராம். அப்புறம் தொடவே இல்லையாம்." அவள் திரையைக் கீழே நகர்த்தினாள். "அந்தக் கப்பல் ஒவ்வொரு தடவ முங்கும்போதும், ஒவ்வொரு ரூம்ல இருக்கிறவங்களும் செவுத்தத் தடவிப் பாத்து, தண்ணி கசியலன்னு சொல்லணுமாம். சமையக் கட்டுக்கு இவரு. 'இங்க ஈரமில்ல'ன்னு இவரு சொன்ன பெறகுதான் இன்னும் கீழ எறக்குவாங்களாம். இப்ப எந்நேரமும் தண்ணி வருது, தண்ணி வருதுங்கிறாராம். சாப்பிட மாட்டேங்கிறாராம். காச திருப்பிக் கேக்கலக்கா. இத என்ன செய்யிறதுன்னு கேக்குறாங்க. வீட்டுல வச்சிருக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியலன்னு."

என் காதுக்குள் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. ஈரம் இல்ல. அந்தக் கிழவர் பார்த்துப் பார்த்துச் சொன்ன வார்த்தையை நான் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

பாஸ் என்னைத் திட்டவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "நம்ம ஊர்ல எல்லாமே ஈரம் நங்கி. காத்து ஈரம், சுவர் ஈரம், நம்ம கன்னமும் ஈரம். இங்க காஞ்சது அங்க காயல. அவங்க வீட்டுல ஹீட்டர். மிச்சத் தண்ணிய அது இழுத்திருச்சு." தராசுக்குக் குளிராது என்று இத்தனை வருஷம் அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. காய்ந்த தேயிலையை அறிந்த கைதான் என்னுடையது. ஆனால் அது சூடாக அடுப்பிலிருந்து வந்த தூள். மரத்தின் உள்ளுக்குள் என்ன இருக்கிறது என்று எந்தக் கைக்கும் தெரியாது.

முதலாளி பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஹீட்டருக்குப் பக்கத்துல வச்சதால வெடிச்சிருக்குன்னு எழுதலாம். பாதிக்கு அது உண்மதானே. அடைக்கிறதுக்குப் பசை அனுப்பி வைப்போம்."

"அப்படி எழுதாதீங்க" என்றேன்.

"அக்கா, ஈரத்தோட அனுப்பினோம்னு எழுத்துல குடுத்தா என்னாகும் தெரியுமா? இந்தக் கப்பல்காரங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறவங்க. நாள பின்ன முங்கி ஆர்டரே வராது. முப்பது பேர் வேல செய்யிறோம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த முப்பது பேரில் பாதிப் பேர் என்னோடு தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்தவர்கள். ஆனால் எனக்கு மடுவம் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் தப்பு எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். துரை கண்டாக்கைச் சொல்வார், கண்டாக்கு கணக்கப்பிள்ளையைச் சொல்வார், கடைசியில் கூடையோடு நிற்பவள் தலையில் வந்து விழும். அவளுக்குக் கீழே ஆள் இல்லை. இப்போது நாங்கள் மேலே நிற்கிறோம், கீழே கண் தெரியாத ஒரு மனிதரும் அவர் மகளும் நிற்கிறார்கள், தப்பை அவர்கள் வீட்டு ஹீட்டருக்கு ஓட விடப் பார்க்கிறோம். எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

"ஹீட்டர் என்னங்க செஞ்சுச்சு? தராச பாக்காம காஞ்சிருச்சுன்னு சொன்னவ நானு. என் பேர போட்டே எழுதுங்க. இந்த மேசையில கையெழுத்துப் போட்ட பொம்பள தப்பு செஞ்சிட்டா, புதுசு செஞ்சு தர்றோம்னு எழுதுங்க. இல்லாட்டி அந்த மேசைய வேற யாருக்காவது குடுத்துருங்க."

சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். அந்த வயதில் வேறு எங்கே போய் வேலை கேட்பது. முதலாளி பாஸைப் பார்த்தார். பாஸ் கூரையைப் பார்த்தார். கடைசியில் முதலாளி நிரோஷாவிடம், "அக்கா சொல்ற மாதிரியே எழுதுங்க" என்றார். நிரோஷா எழுதினாள். நான் சொல்லச் சொல்ல, ஒரு வரியும் மெருகேற்றாமல் எழுதினாள். அடுத்த நாளே பதில் வந்தது. இரண்டே வரி. செய்யுங்கள், ஆனால் அப்பா உடம்பு குறைந்துகொண்டு வருகிறது, முடிந்தவரை சீக்கிரம்.

இனித்தான் சிக்கல். மார்கழிப் பனியில் மரம் எங்கே காயும்? பல்பு எரித்து மரம் காயவைக்கும் எங்கள் அறையே அப்போது வேர்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கேட்டுப் போனேன். டீ மேக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். "மர வாசம் தூள்ல ஏறிருச்சுன்னா என் கதை முடிஞ்சுச்சுங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். திரும்பி வரும் வழியில் கடைவீதியில் பேக்கரியைப் பார்த்தேன். பாண் போடும் பெரிய அடுப்பின் பின்சுவர் இரவு பகல் சூடாகவே இருக்கும். அங்கே மேலே ஒரு தட்டு, மாச்சாக்குகள் ஈரம் பிடிக்காமல் இருப்பதற்கு. பேக்கரிக்காரர் என் பிள்ளையோடு படித்தவர்.

"என்னக்கா, மரக்கட்டைய பாணாக்கப் போறீங்களா?" என்றார்.

"கப்பலாக்கப் போறேன். எடம் இருக்கா இல்லையா?"

இடம் கொடுத்தார். பாஸ் புதிய மரத்தில் இரண்டு பாதிகளையும் கரடாகச் செதுக்கிக் கொடுத்தார். ஒரேயடியாகச் சூட்டில் வைத்தால் பிளந்துவிடும் என்று, முதல் வாரம் சுவருக்கு எட்டத்தில், பிறகு கொஞ்சம் கிட்டத்தில் என்று நகர்த்தச் சொன்னார். பட்டறைத் தராசை நான் ஆட்டோவில் ஏற்றிப் பேக்கரிக்கே கொண்டு போனேன். மூன்று நாளைக்கு ஒருமுறை நிறுத்து, நானே பென்சிலால் எழுதினேன். என் கையெழுத்தில் மரத்தின் மேல் எண்கள். முன்பு கணக்கப்பிள்ளை தண்ணீருக்கு வெட்டியபோது அழுதவள், இப்போது மரத்தில் தண்ணீர் எவ்வளவு என்று ஒவ்வொரு கிராமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பாண் வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

எடை குறைந்தது. முதல் தடவை நாற்பது கிராம், அடுத்தடுத்து இருபத்தாறு, பதினான்கு, எட்டு. தைப்பொங்கலுக்கு முந்தின நாள் மகளிடமிருந்து மறுபடி செய்தி. அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முங்கி எப்போது வரும்?

முதலாளி பேக்கரிக்கே வந்துவிட்டார். நான் தராசின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். முந்தின தடவைக்கு இந்தத் தடவை மூன்று கிராம் குறைவு.

"மூணு கிராம்தானேக்கா. போன முங்கியில பதினொன்னு. இது ஒன்னுமே இல்ல. இன்னைக்கு ஒட்டினாத்தான் இந்த வெள்ளிக்கிழம அனுப்பலாம். அந்த மனுஷன் இருக்கிறதுக்குள்ள போய்ச் சேர வேணாமா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. காத்திருந்தால் அந்தக் கிழவர் இறந்துவிடலாம். அப்போது குறையில்லாத ஒரு முங்கி யாருமில்லாத அறைக்குப் போய்ச் சேரும். இப்போதே ஒட்டினால் அவர் கைக்குப் போய்ச் சேரலாம். ஒருவேளை வெடிக்காமலும் இருக்கலாம். மூன்று கிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பு. ஆனால் வெடித்தால்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற மனிதரின் விரல் மறுபடியும் அதே இடத்தில் நின்றால்? முதல் தடவை நாங்கள் அவருக்குச் செய்தது பிழை. இரண்டாம் தடவை தெரிந்தே செய்வதற்குப் பெயர் வேறு.

"மூணு தடவ ஒரே எண் வரட்டும்" என்றேன். "வரலன்னா நான் கையெழுத்து வைக்க மாட்டேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"அந்தப் பாவம் எனக்குத்தான். மகளுக்கு எழுதச் சொல்லுங்க. இன்னும் மூணு கிராம் இருக்கு, இருக்கிறத மறைச்சு அனுப்ப மாட்டோம்னு எழுதச் சொல்லுங்க. அவங்க காத்திருக்க வேணாம், இப்பவே அனுப்புங்கன்னா, அப்ப பேசுவோம்."

மகள் எழுதிய பதில்: அப்பாவிடம் சொன்னேன். காத்திருக்கலாம் என்றார்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். பொங்கலுக்குப் பால் பொங்கியதா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. கோயிலில் நின்றபோது, முகம் தெரியாத ஒருவருக்காக, பெயரும் வாயில் நுழையாத ஒருவருக்காக வேண்டிக்கொண்டேன். 'அந்தக் கப்பல் சமையல்காரரு' என்று சொல்லித்தான் வேண்டினேன். சாமிக்கு விளங்கியிருக்கும். தை பிறந்து பன்னிரண்டாம் நாள் மூன்றாவது தடவையாக அதே எண் வந்தது. பேக்கரிக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு வந்து முள்ளைக் குனிந்து பார்த்தார். பாதிகளைச் சூடு ஆறுவதற்குள் பொலித்தீனில் சுற்றிப் பட்டறைக்குக் கொண்டு வந்தோம். பாஸ் அன்றே ஒட்டினார். நம் ஊர்க் காற்று மறுபடி உள்ளே போகாமல், வெளியிலும் துவாரங்களுக்குள்ளும் வார்னிஷை நான்கு பூச்சுப் பூசினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து வால் வரை மூன்று தடவை தடவினேன். கையெழுத்து வைத்தேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் ஒரு செய்தியும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் நிரோஷா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். எல்லோரும் என் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில். வெள்ளைப் போர்வை. அதன் மேல் எங்கள் முங்கி. ஒல்லியான, நரம்பு தெரிகிற ஒரு கை அதன் மூக்கிலிருந்து ஆரம்பித்தது. மெதுவாக, மிகவும் மெதுவாக. கோபுரத்தைச் சுற்றிப் போனது. துவாரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. சமையலறை மூடிக்கு வந்தது. அதற்குக் கீழே மூட்டில், போன தடவை நின்ற இடத்தில், விரல் நின்றது.

அந்த நேரம் பார்த்து மேலே ரயில் வந்தது. பட்டறை நடுங்கியது, பழக்க தோஷத்தில் எல்லோரும் கையைத் தூக்கிவிட்டோம். திரையில் கிழவரின் வாய் அசைந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. வீடியோ முடிந்துவிட்டது.

"திரும்பப் போடு" என்றார் பாஸ். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ரயில் போன பிறகு நிரோஷா திரும்பப் போட்டாள். கை வந்தது. விரல் நின்றது. அழுத்தியது. முன்னும் பின்னும் போய்ப் பார்த்தது. பிறகு அவர் தலையைக் கொஞ்சம் தூக்கி, அறைக்கு வெளியே யாருக்கோ கேட்க வேண்டும் என்பதுபோல, ஏதோ சொன்னார். இரண்டு வார்த்தை.

நிரோஷா வீடியோவுக்குக் கீழே மகள் எழுதியிருந்ததை வாசித்தாள். "'இங்க ஈரமில்ல'ன்னு சொல்றாருக்கா" என்றாள்.

நான் அழுதேன். மறைக்கவில்லை, மறைக்க முடியவும் இல்லை. பாஸ் எழுந்து போய், பேக்கரியிலிருந்து திரும்பி மூலையில் கிடந்த தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க வைக்கணும் நங்கி?" என்று கேட்டார். இங்கே, நடுவில், எல்லோரும் இடித்துக்கொள்கிற இடத்தில் என்று காட்டினேன்.

அந்தச் சமையல்காரர் பங்குனிக்கு முன்பே போய்விட்டார். மகள் சொல்லித் தெரியும். முங்கி ஆர்டர் குறைந்ததா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் அவருடைய பழைய கூட்டாளிகள் ஐந்து பேர் எழுதினார்கள். ஐந்து பேரும் ஆர்டர் கொடுத்தார்கள், மூன்று பேர் தராசைப் பற்றியும் விசாரித்தார்கள். இப்படிச் சன்மானம் கிடைக்கும் என்று நினைத்து உண்மை பேசாதீர்கள். ஆர்டர் வராமலும் போயிருக்கலாம். அப்போதும் அந்தக் கடிதத்தை எழுதித்தான் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும், வீட்டில் ஹீட்டர் போட்டு ஒரு மாதம் கழித்து, மகள் அந்த முங்கியின் படத்தைப் பட்டறைக்கு அனுப்புவார். இத்தனை வருஷமும் படத்தைப் பெரிதாக்கி மூட்டைப் பார்த்தது நான்தான். வருகிற மார்கழியில் உங்களில் ஒருவர்தான் பார்க்க வேண்டும். அவசரப்படாமல் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடுங்கள். வேறொன்றும் சொல்ல வேண்டாம். ஈரமில்லை என்று சொன்னால் போதும்.